இடி முழங்கினால் காணாமற்போகும் டிஸ்க்

1. திரைகள் நின்ற பிற்பகல்

வட்டக்கச்சிப் பயிற்சி நிலையத்தின் பன்னிரண்டு கணினிகளும் ஒரே பிற்பகலில் நின்றுபோன செய்தியைச் சைக்கிளில் கொண்டுவந்தவர் அந்த நிலையத்தின் பொறுப்பாளர் றெஜினா. போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த ஆண்டுகள் அவை. கிளிநொச்சியில், தமிழில் கணினி கற்பிக்கும் ஒரு சிறிய தொழில்நுட்பப் பிரிவில் நான் நிரலாளராக இருந்தேன். றெஜினா வாசலில் நின்று நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு, நான் நகர்த்திக் கொடுத்த கதிரையைப் பார்க்காமலே பேசத் தொடங்கினார்.

"வாசுகி, உங்கட மெசின் பன்னிரண்டும் படுத்திட்டுது. கறுப்புத் திரையில வெள்ளை வெள்ளையா என்னவோ கொட்டிப்போட்டு அசையாமல் நிக்குது. பிள்ளையள் காலமை துவங்கி அடிச்சதெல்லாம் போட்டுது."

"ஜெனறேற்றர் நிண்டதோ?"

"அது தன்ர பாட்டில குமுறிக்கொண்டு நிக்குது. மழை விட்டு வெயிலும் எறிச்சிட்டுது. அதுக்குப் பிறகுதான் ஒண்டொண்டாப் படுத்தது. முதல் நஸ்ரின்ர மெசின்."

எங்கள் பிரிவின் தலைவர் தவராசா அண்ணை உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் நல்ல நிர்வாகி. கணினியைப் பற்றி அவர் அறிந்திருந்ததெல்லாம், அது நின்றால் ஆட்கள் முறையிட வருவார்கள் என்பதுதான்.

"றெஜினா, வாற மாதம் சோதினை. வவுனியாவில இருந்து ஆள் வரப்போறார். அவருக்கு முன்னால உது படுத்தால் என்ன செய்யிறது? சரிவராதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. பன்னிரண்டையும் ஏத்திக்கொண்டு வந்து ரவுணில வைப்பம். வட்டக்கச்சிக்குப் பிறகு பாப்பம்."

"பிறகு எண்டால் எப்ப அண்ணை?"

 வன்னியில் 'பிறகு' என்ற சொல்லுக்கு ஒரு திகதி சொல்ல எவராலும் முடிந்ததில்லை.

நிலையத்தில் படித்த பன்னிரண்டு பேரும் இடப்பெயர்வுகளில் பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளம் பெண்கள். அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தால் அலுவலகங்களில் தட்டச்சு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வேறு எந்தச் சான்றிதழும் அவர்களிடம் இல்லை. கணினிகள் நகரத்துக்குப் போனால் நாள்தோறும் பின்தொடர்ந்து போகும் வசதியும் அவர்களில் பலருக்கு இல்லை. றெஜினா வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசிச் சேர்த்த பிள்ளைகள் அவர்கள்.

"நாளைக்கு நான் வாறன்" என்றேன். றெஜினா அப்போதுதான் கதிரையைக் கவனித்தார். ஆனாலும் அதில் அமரவில்லை, பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

2. இல்லாத டிஸ்க்

இதை வாசிக்கும் இளைய நிரலாளர்களுக்காக எங்கள் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த கணினிகள் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டவை. தங்கள் தரவு வெளியே போய்விடக் கூடாதென்று அவை ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்ட பின்னரே கணினியைத் தானம் செய்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிஸ்க் இல்லாத கணினிக்குத் தன்னுடையது என்று எதையும் வைத்துக்கொள்ள இடமில்லை.

அந்நாட்களில் எங்களைப் பார்க்க வந்திருந்த புலம்பெயர் பொறியியலாளர் ஒருவர் ஒரு வழி காட்டினார். நல்ல டிஸ்க்குகள் பூட்டிய ஒரு சேர்வரை ஓரிடத்தில் வைத்து, அதில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். பிறகு கணினியின் கெர்னலுக்கென ஒரு டிரைவர் எழுத வேண்டும். கெர்னல் என்பது மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து இயங்கும் கருநிரல். டிரைவர் என்பது அதற்குள் இருந்துகொண்டு ஏதேனும் ஒரு சாதனத்தோடு பேசும் பகுதி. எங்கள் டிரைவர் பேசிய சாதனமோ அங்கே இல்லை. "இதோ டிஸ்க்" என்று அது கெர்னலிடம் சொல்லும். கெர்னல் ஏதேனும் ஒரு பகுதியை வாசிக்கக் கேட்டால், அந்தக் கோரிக்கையை நெற்வேர்க் வயர் வழியே சேர்வருக்கு அனுப்பி, வந்த பதிலை டிஸ்க்கின் பதிலாகவே கொடுக்கும். மேலே இருக்கும் கோப்புமுறைக்கோ, எழுத்துச் செயலிக்கோ, அதன் முன்னால் இருக்கும் பிள்ளைக்கோ வேறுபாடு தெரியாது. இதைத்தான் மெய்நிகர் டிஸ்க் என்கிறோம்.

அது முதன்முதலாக ஓடிய நாளில் ஒரு கணினியின் மூடியைத் திறந்து, டிஸ்க் இருக்க வேண்டிய வெற்றுத் தட்டில் கையை வைத்துப் பார்த்தேன். திரையில் அதே டிஸ்க்கின் அளவும் கோப்புகளும் தெரிந்துகொண்டிருந்தன. எப்படி நடக்கிறது என்பதை வரிவரியாக அறிந்திருந்தேன். ஆனாலும் கையை உடனே எடுக்க மனம் வரவில்லை.

பொறியியலாளர் டிரைவரை எழுதி, ஓட்டிக் காட்டி, அதன் மூலநிரலையும் முழுக் கெர்னலின் மூலநிரலையும் சீடிகளில் தந்துவிட்டுத் திரும்பிப் போனார். அவருடைய ஊரில் அந்த டிரைவர் பிழையின்றி ஓடியிருக்கும். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் நெற்வேர்க் வயரை எவரும் கழற்றுவதில்லை.

3. றெஜினா கழற்றும் வயர்

நிலையம் பின்னிய தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு நீண்ட மண்டபம். ஒழுகும் கூரையின் கீழ் சேர்வரை வைக்க அஞ்சி, முற்றத்துக்கு அப்பால் இருந்த பழைய நெற்களஞ்சியத்தில் வைத்திருந்தோம். அது கல்லால் கட்டிய கட்டடம். சேர்வர் அங்கே பற்றரியில் ஓடியது. இரண்டுக்கும் இடையே நெற்வேர்க் வயர் பனங்குற்றிகளில் கட்டப்பட்டுத் திறந்த வானத்தின் கீழ் போனது.

சில பிற்பகல்களை அங்கே ஒரு மர வாங்கில் அமர்ந்து கழித்தேன். கணினிகள் ஒழுங்காகவே ஓடின. பிறகொரு நாள் இரணைமடுக் குளத்துப் பக்கம் இருண்டு, தூரத்தில் ஓர் இடி உருண்டது. பாடத்தை வாசித்துக்கொண்டிருந்த றெஜினா வசனத்தின் நடுவில் நிறுத்தினார். முற்றத்தைக் கடந்து களஞ்சியத்துக்குப் போனார். அங்கே சேர்வரின் பின்னாலிருந்த வயரை இழுத்துக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, மண்டபத்தில் அதன் மறுமுனையையும் கழற்றிச் சன்னலுக்கு வெளியே முற்றத்தில் எறிந்தார். பிறகு அதே வசனத்தை விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

"றெஜினா, என்ன செய்தனீங்கள்?"

"இடி முழங்குதெல்லே. வயரைக் கழட்டாமல் வேற என்ன செய்யிறது?"

"எப்பவும் உப்பிடிச் செய்யிறனீங்களோ?"

"எப்பவும்தான். ஏன், நீங்கள் உங்கட வீட்டில றேடியோ வைச்சிருக்கேல்லையே?"

வைத்திருந்தோம். வன்னியில் மின்சாரமில்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். உயர்ந்த மரத்திலிருந்து ஏரியல் கம்பி வீட்டுக்குள் இறங்கும். இடி கேட்டதும் யாரேனும் ஒருவர் எழுந்துபோய் அதைக் கழற்றி முற்றத்தில் எறிவார். அதற்கு ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. றெஜினாவின் வீட்டார் நாயாற்றில் கடற்றொழில் செய்பவர்கள். அவர் கரையில் உயர்ந்து நிற்கும் எதிலும் மின்னல் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர். அவரைப் பொறுத்தவரை வானத்தின் கீழ் போகும் எந்த வயரும் ஏரியல்தான்.

மழை பெய்து ஓய்ந்தது. றெஜினா இரண்டு முனைகளையும் திரும்பக் குத்தினார். டிரைவர் சேர்வரோடு மீண்டும் தொடர்பு கொண்டது. பிள்ளைகள் தட்டச்சைத் தொடர்ந்தார்கள். எல்லாம் நலமாகத் தெரிந்தது. வெயில் எறித்த பின்னர் நஸ்ரினின் திரை கறுத்தது.

"அக்கா, இண்டைக்கும் நான்தான் முதல்" என்று கையை உயர்த்தினாள் அவள், பரிசு வாங்க அழைக்கப்பட்டவள்போல.

நஸ்ரினின் தகப்பனார் நெடுங்காலம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, போர்நிறுத்தத்துக்குப் பின் முல்லைத்தீவுக்குத் திரும்பிச் சிறிய கடையொன்றைத் திறந்தவர். றெஜினாவின் தமையனிடம் முன்னாளில் கருவாடு வாங்கிய பழக்கத்தில், மகளைப் படிப்பதற்காக வட்டக்கச்சியில் றெஜினாவின் வீட்டிலேயே விட்டிருந்தார். பன்னிரண்டு பேரில் மிக வேகமாகத் தட்டச்சுச் செய்பவள் அவள். அவளுடைய கணினி முதலில் விழுந்ததற்கான காரணமும் அதுதான். டிஸ்க்கில் எழுத வேண்டியவை அவளிடம்தான் அதிகம் சேர்ந்திருந்தன.

அடுத்த நாள் தவராசா அண்ணையையும் அழைத்துக்கொண்டு போய் விளக்கினேன். அவர் கேட்டு முடித்ததும் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.

"லேசான வேலை. 'இந்த வயரைக் கழற்றுவது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது' எண்டு பெரிசா எழுதி ஒட்டுவம்."

"ஒட்டுங்கோ அண்ணை" என்றார் றெஜினா. "பிள்ளையள் வாசிப்பினம். இடி வாசிக்குமோ?"

"பகிடி விடாதையும்."

"பகிடி இல்லை. பக்கத்து வளவில தென்னையில விழுந்த மின்னல், உடுப்புக் காயப்போடுற கொடிக்கம்பியால வந்து மாட்டை அடிச்சது. இஞ்ச பன்னிரண்டு பிள்ளையள் அந்த வயரின்ர நுனியில விரலை வைச்சுக்கொண்டு இருக்கினம். மெசினை நீங்கள் எப்பிடியும் காப்பாத்துங்கோ. நான் கழட்டுவன்."

அண்ணை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, அவா கழட்டத்தான் போறா. உம்மால ஏதும் ஏலுமோ?"

"கழட்டினாலும் சாகாத டிரைவர் எழுத வேணும். வாசிச்சுப் பாத்துத்தான் சொல்லுவன்."

"சோதினைக்கு முன்னம் சொல்லும். இல்லாட்டி லொறியைக் கேக்க வேணும்."

4. போனதும் விட்டதும்

எனக்கு உதவி கேட்க ஆளில்லை. இணையத் தொடர்பும் இல்லை. சீடியில் இருந்த கெர்னலின் மூலநிரல் மட்டும் இருந்தது. அதை ஒரு நூலை வாசிப்பதுபோல வாசிக்கத் தொடங்கினேன்.

எங்கள் டிரைவரின் பிழை விரைவில் புலப்பட்டது. வயர் போனவுடன் அது "டிஸ்க் போய்விட்டது" என்று முடிவுசெய்து, அந்த டிஸ்க்கைப் பற்றிய விவரங்கள் இருந்த நினைவகப் பகுதியை வேறு தேவைகளுக்காகக் கெர்னலிடம் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் மேலே இருந்த கோப்புமுறை அந்தப் பகுதியின் முகவரியை இன்னும் கையில் வைத்திருந்தது. பிள்ளைகள் சேமித்த எழுத்துகளைக் கெர்னல் உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. சற்றுப் பொறுத்து, சேர்த்துத்தான் எழுதும். அது எழுதப் போனபோது பழைய முகவரியில் வேறெதுவோ குடியிருந்தது. கணினி விழுந்தது அப்போதுதான். இடிக்கும் விழுகைக்கும் இடையே அவ்வளவு நேரம் இருந்ததால்தான் ஒன்றை மற்றதோடு எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பிழையைக் கண்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கெர்னலை எழுதியவர்கள் இதே சிக்கலைப் பொதுவாக எப்படி அணுகியிருந்தார்கள் என்பதைக் கண்டபோதுதான் மலைத்துப்போனேன். ஒருவரையொருவர் கண்டிராத, வெவ்வேறு நாட்டு மனிதர்கள் ஒரே ஒழுக்கத்தை அங்கே கடைப்பிடித்திருந்தார்கள். எந்தப் பொருளுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. அதைப் பிடிப்பவர் எண்ணிக்கையை ஒன்றால் கூட்டுவார். விடுபவர் ஒன்றால் குறைப்பார். சாதனம் போய்விட்டாலும் அதன் விவரங்கள் உடனே அழிக்கப்படுவதில்லை. "இது போய்விட்டது" என்ற குறி அதன்மேல் இடப்படுகிறது. புதிதாக யாரும் அதைப் பிடிக்க முடியாது. முன்பே பிடித்திருப்பவர்களுடைய கோரிக்கைகளுக்கு, இல்லை என்றாவது பதில் சொல்லப்படுகிறது. ஒருவரையும் பதிலின்றி நிறுத்தி வைப்பதில்லை. கடைசியாகப் பிடித்திருப்பவர் எப்போது விடுகிறாரோ அப்போதுதான் நினைவகம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. விட வேண்டுமென்று அவரை எவரும் வற்புறுத்துவதில்லை.

ஒரு பொருள் போய்விட்டது என்பது ஒரு நிகழ்வு. அதைப் பிடித்திருப்பவர்கள் விட்டுவிட்டார்கள் என்பது இன்னொரு நிகழ்வு. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு காலமும் செல்லலாம். அவ்வளவு காலத்துக்கும் இடமொதுக்க வேண்டும். எங்கள் பகுதியில் இதை அறியாத வீடு இல்லை. ஆனால் ஓர் இயந்திரத்தின் அடியாழத்தில், மனிதர் எவரும் பார்க்காத இடத்தில், அது நடைமுறையாக எழுதப்பட்டிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அன்று மதியம் கணினியை அணைத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் சிறிது நேரம் நின்றேன்.

5. எவ்வளவு நேரம் காத்திருப்பது

விழாமல் தடுக்கும் வழி கிடைத்துவிட்டது. ஆனால் அது பிள்ளைகளுக்குப் போதாது. டிஸ்க் போய்விட்டதென்று ஒழுங்காக அறிவித்தால் கணினி விழாது. ஆயினும் சேமிக்கப்படாத எழுத்துகள் போய்விடும். பரீட்சையில் அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

எனவே இடையில் ஒரு நிலையை வைத்தேன். வயர் போனால் டிரைவர் உடனே எதையும் அறிவிக்காது. வரும் கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி வைக்கும். வயர் திரும்ப வந்தால், மறுமுனையில் இருப்பது அதே டிஸ்க்தானா என்று பெயர் கேட்டு உறுதிசெய்யும். பிறகு, பதில் கிடைக்காத கோரிக்கைகளை ஒழுங்கு மாறாமல் திரும்ப அனுப்பும். முன்பு அனுப்பியது போய்ச் சேர்ந்திருந்தாலும் பாதகமில்லை. எழுதிய இடத்தில் அதையே மீண்டும் எழுதுவதால் கேடில்லை.

அந்தக் காத்திருப்புக்கு எவ்வளவு நேரம் வைப்பது என்பதுதான் எஞ்சிய கேள்வி. நூல்முறைப்படி அரை நிமிடம் போன்ற ஓர் எல்லையை வைப்பார்கள். அது போதுமா என்று நிலையத்தில், தவராசா அண்ணையும் இருந்தபோது, றெஜினாவிடம் கேட்டேன்.

"அரை நிமிசமோ?" றெஜினா சிரித்தார். "அதுக்குள்ள நான் களஞ்சியத்தில இருந்து திரும்பி வரவே மாட்டன்."

"அப்ப எவ்வளவு வைக்கட்டும்?"

"இடி போகுமட்டும்."

"அது எப்ப போகுமெண்டு டிரைவருக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும்தானே. என்னைக் கேக்கச் சொல்லுங்கோ."

தவராசா அண்ணை இடைமறித்தார். "நீர் மறந்துபோனால்?"

"நான் மறந்தால் மெசின் சும்மா நிக்கும் அண்ணை. மெசின் அவசரப்பட்டால் பிள்ளையளின்ர வேலை போகும். எது பறவாயில்லை?"

எல்லையை எடுத்துவிட்டேன். "இனி இந்த டிஸ்க் வராது" என்று அறிவிக்கும் கட்டளையை ஒரு மனிதர் தம் கையால் கொடுக்கும்வரை டிரைவர் காத்திருக்கும். அந்தக் கட்டளையைக் கொடுக்கும் உரிமையை றெஜினாவுக்கு மட்டும் வைத்தேன். பிற்காலத்தில் வேறு நாடுகளில் வேலை செய்தபோது இந்தத் தெரிவை ஏற்காதவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் சொன்ன நியாயங்கள் சரியானவை. அவர்களிடம் றெஜினா இல்லை.

பிறகு வானம் வெளித்திருந்த நாட்களில் பிள்ளைகளிடம் வயரைக் கொடுத்து, விரும்பியபடி கழற்றச் சொன்னேன். ஒன்றை உடைக்கும்படி யாரும் அவர்களிடம் அதுவரை கேட்டதில்லை. மண்டபம் விளையாட்டுத் திடலானது. பிடுங்கினார்கள், குத்தினார்கள், சேமிக்கும் நேரம் பார்த்துப் பிடுங்கினார்கள். டிரைவர் தாங்கியது. நஸ்ரின் பிடுங்கிக் குத்தி, தொடர்பு முழுதாக வரமுன்னரே மீண்டும் பிடுங்கினாள். அவளுடைய திரை கறுத்தது.

"அக்கா, திரும்பவும் நான்தான். உடைச்சதுக்கும் சேர்டிபிகற் தருவியளோ?"

போவதும் வருவதும் ஒரே கணத்தில் நேர்ந்தால் எது முந்தியது என்று டிரைவருக்குக் குழம்பியது. ஒன்று முடியும்வரை மற்றது நுழையாதபடி அங்கே ஒரு பூட்டு வைத்தேன். அதன் பின் அவளாலும் உடைக்க முடியவில்லை. அதை அவள் ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டாள்.

6. பரீட்சை

பரீட்சகர் வவுனியாவிலிருந்து வந்தார். கண்ணாடி அணிந்த, கண்டிப்பான மனிதர். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை நேரத்தைப் பற்றியது.

"நான் மூண்டு மணிக்கு வெளிக்கிட வேணும். ஓமந்தைச் சோதனைச்சாவடி பூட்டினால் என்னால அங்கால போகேலாது. திரும்பி வாறதுக்கும் ஏலாது. இண்டைக்கு முடியாதது முடியாததுதான்."

காலையில் கணக்கு அட்டவணைப் பாடம் முடிந்தது. பிற்பகலில் தட்டச்சு. ஒவ்வொருவருக்கும் ஒரு நீண்ட கட்டுரை அச்சிட்ட தாள் கொடுக்கப்பட்டது. அதை நேரத்துக்குள் பார்த்து அடிக்க வேண்டும். அவர்கள் பாதி வழியில் இருந்தபோது இடி முழங்கியது.

றெஜினா எழுந்தார். பரீட்சகர் அவரைத் தடுத்தார். "எங்க போறீங்கள்?"

"வயர் கழட்ட, சேர்."

"சோதினை நடக்குது!"

"இடியும் நடக்குது சேர்."

அவர் போய்க் கழற்றினார். வந்து மறுமுனையையும் கழற்றிச் சன்னலுக்கு வெளியே எறிந்தார். திரைகள் ஒவ்வொன்றாக நின்றன. சுட்டி அசைந்தது, எழுத்து நகரவில்லை. பிள்ளைகள் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். மழை கிடுகில் கொட்டியது. பரீட்சகர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செத்த மெசினுக்கு முன்னால பிள்ளையளை இருத்தி வைச்சிருக்கிறியள். நான் என்னத்தை எழுதுறது? 'இடையில் நின்றது' எண்டுதான் எழுதலாம்."

"சாகேல்லை சேர். காத்துக்கொண்டு நிக்குது."

"எதைக் காத்து?"

"வயரை."

அவர் தலையைத் திருப்பினார். மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து விசைப்பலகையின் ஒலி விடாமல் வந்துகொண்டிருந்தது. நஸ்ரின் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய திரையிலும் எழுத்து நகரவில்லை.

பரீட்சகர் அவளருகே போனார். "என்ன பிள்ளை செய்யிறீர்? திரை நிண்டுட்டுது."

"நான் நிக்கேல்லை சேர்."

"திரையில வராமல் என்னத்தை அடிக்கிறீர்?"

"தாளில இருக்கிறதைத்தான் சேர். வயர் வரேக்க வரும்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் வாதமில்லை. நாளை கடை திறக்கும் என்று சொல்வதைப்போல் சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை அவளைப் பார்த்தாள். பிறகு தன் கைகளை மடியிலிருந்து எடுத்தாள். அதற்கடுத்தவளும் எடுத்தாள். சற்று நேரத்தில் பன்னிரண்டு பேரும், அசையாத பன்னிரண்டு திரைகளின் முன்னால், அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மழையின் இரைச்சலுக்குள் அந்த ஒலி தனியாகக் கேட்டது.

நான் மகிழவில்லை, அஞ்சினேன். அழுத்திய விசைகளை வாங்கி வைக்கும் பகுதி நினைவகத்தில் இயங்கியதால் அவை ஒரு வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கும் என்று அறிந்திருந்தேன். சோதனைகளின்போது சில சொற்கள் அப்படி நின்று வந்ததையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த வரிசைக்கு ஓர் எல்லை உண்டு. அதைக் கடந்தவை சத்தமில்லாமல் விழுந்துபோகும். இடி எவ்வளவு நேரம் நிற்கும், இவர்கள் எவ்வளவு அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்வதா என்று எண்ணினேன். றெஜினா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல இருபக்கமும் அசைத்தார். அவர்களை அடிக்க விட்டேன்.

இடி விலகிப் போனது. றெஜினா வாசலில் நின்று இன்னும் ஒரு முழக்கத்துக்காகச் செவி கொடுத்தார். அது வரவில்லை. முற்றத்துச் சேற்றில் இறங்கி வயரைத் துடைத்துக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனார். வந்து மறுமுனையைக் குத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் டிஸ்க்கின் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்தச் சில நொடிகளில் பன்னிரண்டு பேரும் அடிப்பதை நிறுத்தித் திரையைப் பார்த்தார்கள்.

பிறகு எழுத்துகள் வரத் தொடங்கின. நஸ்ரினின் திரையில், எவரும் விசையைத் தொடாமலே, ஒரு சொல் வந்தது; ஒரு வரி வந்தது; பந்தி முடிந்து அடுத்த பந்தி வந்தது. பக்கம் தானாக மேலே போனது. மண்டபம் முழுவதும் அப்படியே. சற்றுமுன் மழைக்குள் அவர்கள் அடித்தவை எல்லாம் அடித்த ஒழுங்கிலேயே வந்துகொண்டிருந்தன. அதை நிகழ்த்திய ஒவ்வொரு வரியையும் நான் எழுதியிருந்தேன் அல்லது வாசித்திருந்தேன். ஆனாலும் என் கைமயிர் சிலிர்த்தது. ஒரு பிள்ளை, "ரீச்சர், அங்க பாருங்கோ, தன்பாட்டில அடிக்குது" என்று கிசுகிசுத்தாள். றெஜினா நெற்றியில் சிலுவைக் குறியிட்டுக்கொண்டார்.

பரீட்சகர் நஸ்ரினின் தாளை எடுத்துத் திரையோடு ஒப்பிட்டு வாசித்தார். கடைசி வரிவரை வாசித்தார். இரண்டு சொற்கள் பிழையாக இருந்தன. ஒன்றும் விடுபடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. தவராசா அண்ணை வாகனத்தின் அருகே நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். பரீட்சகர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ரீச்சர்" என்றார் தயக்கத்தோடு. "வயரை இன்னொருக்காக் கழட்டுங்கோ, பாப்பம்."

"இடி இல்லாமல் கழட்டமாட்டன் சேர்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். ஓமந்தைக்கு அவரை அண்ணையே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். சாவடி பூட்ட முன்னர் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், வழி நெடுக அவர் டிரைவரைப் பற்றியே கேட்டதாகவும், தமக்குத் தெரிந்த ஒரே பதிலான "அதை வாசுகியைத்தான் கேக்க வேணும்" என்பதையே தாம் திரும்பத் திரும்பச் சொன்னதாகவும் அண்ணை பின்னர் முறையிட்டார்.

தட்டச்சில் பன்னிரண்டு பேரும் சித்தியடைந்தார்கள். ஒருத்தி கணக்கு அட்டவணையில் தவறி, அடுத்த முறை எடுத்துத் தேறினாள். லொறி கேட்கப்படவில்லை. 2008இல் போரால் ஊரே இடம்பெயர்ந்து எழும்பும்வரை அந்தக் கணினிகள் வட்டக்கச்சியிலேயே இருந்தன.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்லச் சிரமமாக இருக்கிறது, ஏனெனில் அது நிரலாக்கப் பாடமாகத் தெரியாது. டிரைவரை எழுதி முடித்தபோது அது காத்திருக்கும் என்பதை நான் அறிந்திருந்தேன். ஆனால் அறிந்திருந்தது மட்டுமே. அதை நம்பி என்னுடைய எதையும் நான் ஒப்படைத்ததில்லை. நஸ்ரின் தன் பரீட்சையை ஒப்படைத்தாள். நாம் எழுதும் நிரல் ஒவ்வொன்றும் யாருக்கோ ஒரு வாக்குக் கொடுக்கிறது. யாரோ ஒருவர் தம் முழுப் பாரத்தையும் அதன்மேல் சாய்க்கும் வரையில், அது வாக்குத்தானா வெறும் பேச்சா என்று எழுதியவருக்கே தெரிவதில்லை. அப்படிச் சாயப்போகிறவர் நம்மை ஒருமுறைகூடக் கேட்கமாட்டார். அவரை மனதில் இருத்தி எழுதுங்கள்.